பதினேழு உறை தெரியுது

காலையில் பால் பொங்கி இறங்குவதற்குள் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு குரல் வரும்.

"பதினேழு உறை தெரியுது."

என் மாமியாரின் குரல். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எழுபத்தொன்பது வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய் மாடிப்படி ஏறுவதை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை அவர்தான் திறக்க வேண்டும். திறந்து, கிணற்றுச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, உள்ளே குனிந்து எண்ணிவிட்டு, அடுப்படியில் நிற்கிற எனக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். நான் மாதக் காலண்டரில் அன்றைய தேதிக்குக் கீழே, பால் கணக்குக்குப் பக்கத்தில் 17 என்று எழுத வேண்டும். எழுதினேனா என்று வந்து பார்ப்பார்.

1999 தை மாதம் கல்யாணமாகி சென்னை மடிப்பாக்கம் வந்தேன். மறுநாள் காலை "நாலு உறை தெரியுது" என்ற குரல் கேட்டு, என்னைத்தான் ஏதோ கேட்கிறார் என்று பதறி ஓடினேன். நான் ஆரணிப் பெண். எங்கள் ஊரில் கிணறு என்றால் வயல் நடுவே இருக்கிற சதுரக் கிணறு, பாம்பேறிச் சுவர், உள்ளே இறங்கிக் குளிக்கப் படி. இங்கே நாலடி அகலத்தில் சிமென்ட் வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய உறைக்கிணறு. ஒரு உறை ஓர் அடி உயரம். எங்கள் கிணற்றில் முப்பது உறை. தண்ணீருக்கு மேலே எத்தனை வளையம் தெரிகிறதோ, அதுதான் கணக்கு. நாலு தெரிகிறது என்றால் இருபத்தாறு அடி தண்ணீர் கிடக்கிறது. பதினேழு என்றால் பதிமூன்று அடி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் நானும் அந்த எண்ணைக் கேட்காமல் காபி குடித்தது குறைவு.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அந்தக் கிணறு இருக்குமா இருக்காதா என்கிற பேச்சு எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது.

மடிப்பாக்கம் ஒரு காலத்தில் ஏரியும் ஏரிப் பாசனமுமாக இருந்த கிராமம். எங்கள் தெரு இருக்கிற இடம் நெல் விளைந்த நிலம். மாமா, அதாவது என் மாமனார், 1986இல் ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்டியபோது முதலில் தோண்டியது கிணறுதான். அந்தத் தண்ணீரை இறைத்துத்தான் வீட்டுக்கே சிமென்ட் குழைத்தார்கள். அப்போது பஞ்சாயத்து, 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தோம். குழாய்த் தண்ணீர் என்கிற பேச்சே இல்லாத காலம் என்பதால், தெருவில் இருபத்திரண்டு மனையிலும் ஈசானிய மூலையில் ஆளுக்கொரு கிணறு இருந்தது.

இன்று நாலு இருக்கிறது. அதில் புழங்குவது எங்களுடையது மட்டும். மற்ற மூன்றும் இரும்பு வலை போட்டு, வலைமேல் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியும் பழைய பூந்தொட்டியும் ஏற்றிக் கிடக்கின்றன. மீதிப் பதினெட்டையும் தூர்த்துவிட்டார்கள். மூடின கிணறு மூச்சு விட வழி வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் மூடும்போது ஒரு பி.வி.சி. பைப்பைச் செருகி வைப்பார்கள். எங்கள் தெரு அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடத்தில், டைல்ஸ் தரைக்கு நடுவே ஒரு முழம் உயரத்துக்கு வெள்ளைப் பைப் ஒன்று நின்றால், அங்கே ஒரு கிணறு இருந்தது என்று அர்த்தம். அதன்மேல் யாரோ ஸ்கூட்டி ஹெல்மெட்டை மாட்டியிருப்பார்கள்.

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. போர்வெல் வந்தது, மோட்டார் வந்தது, சுவிட்சைத் தட்டினால் மாடித் தொட்டி நிறைந்தது. குனிந்து இறைக்கிற வேலை போனதே என்று பெண்கள் நிம்மதிப் பட்டதில் நியாயம் இருக்கிறது; இடுப்பு வலி யாருக்கு என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் கிணற்றில் மோட்டார் உண்டு. ஆனால் ராட்டினத்தையும் கயிற்றையும் கழற்ற அத்தை விடவில்லை. இன்னொன்றையும் விடவில்லை: பாதாளக் கரண்டி.

இதைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு இரும்பு வளையத்தில் சுற்றிலும் கொக்கிகளாகத் தொங்கும், ஒவ்வொரு கொக்கியிலும் இன்னும் இரண்டு மூன்று கொக்கி. வாளி கயிறறுந்து உள்ளே விழுந்தால் இதைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவ வேண்டும். வாளியின் காதில் மாட்டினால் மேலே வரும். தெரு முழுக்கக் கிணறு இருந்த நாட்களில் இது இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். கேட்டு வருகிறவர்கள் ஒரு செம்பை அடகு வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். அத்தை அதில் கறார். "கரண்டியே உள்ள விழுந்துட்டா அதை எடுக்க எந்தக் கரண்டி?" என்பார். அப்படி வந்து திரும்பிப் போகாத ஒரு பித்தளைச் செம்பு இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. அதைக் கொடுத்த வீட்டுக்காரர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அத்தை அதை யாருக்கும் எடுத்துக் கொடுக்க மாட்டார். கேட்டு வந்தால் தர வேண்டுமாம்.

2003இல் அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவில் பல வீட்டில் வாசலோரம் ஒரு குழி வெட்டி, ஜல்லி கொட்டி, அதோடு விட்டார்கள். மாமா மட்டும் அதில் உட்கார்ந்துவிட்டார். மந்தைவெளியில் ஆகாஷ் கங்கா அறக்கட்டளையின் மழை மையம் இருக்கிறதே, அங்கே போய் ஒரு மத்தியானம் முழுக்க மாதிரிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்து வந்தார். மொட்டை மாடியின் மூன்று மழைநீர்க் குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்து, கூழாங்கல்லும் கருங்கல் ஜல்லியும் மணலும் அடுக்கிய ஒரு வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்கே கொண்டுபோனார். முதல் மழைத் தண்ணீர் மாடி அழுக்கோடு வரும் என்பதால், அதை வெளியே திருப்பிவிட ஒரு வால்வு. மழைக்காலத்துக்கு முன்னால் மணலை மாற்றுவது என் வீட்டுக்காரரின் வேலை.

கணக்கை மாமாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். சென்னையில் வருஷத்துக்குச் சராசரி 140 சென்டிமீட்டர். ஆக, எங்கள் மாடி மேல் மட்டும் ஒரு வருஷத்தில் விழுவது ஏறத்தாழ 1,30,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட பதினோரு லாரி. ஆவியாவதும் சிந்துவதும் போக மீதி மண்ணுக்குள் போகிறது. கிணறு தொட்டி மாதிரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாது, பக்கத்து மண்ணுக்கெல்லாம் கொடுத்துவிடும். "நம்ம வீட்டுக்கு மட்டும்னு நினைச்சு விடாதே. கீழ போனா அது தெருத் தண்ணி" என்பார் மாமா. 2011இல் அவர் போனார். அவர் போன நாளுக்கும் அத்தை உறைக் கணக்கு எழுதியிருக்கிறார். ஒன்பது.

அந்தக் காலண்டர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன வருஷம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு கட்டு கிடைத்தது. மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும் கொடுக்கிற மாதக் காலண்டர்கள், 1991இலிருந்து. ஒவ்வொரு கட்டத்திலும் பால் எத்தனை பாக்கெட், சிலிண்டர் மாற்றின தேதி, வேலைக்காரம்மா வராத நாள், கூடவே உறை. நடுவில் 2006, 2007 மட்டும் இல்லை. தேடிப் பார்த்தால், என் மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தபோது அவள் நோட்டுகளுக்கு அட்டை போட்டது அந்தத் தாள்களில்தான். வழவழவென்று நல்ல தாள், போட்டது நான்தான்.

மகள் இப்போது பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை பாட்டியும் பேத்தியும் எதிரெதிரே உட்கார்ந்து, பாட்டி படிக்க, இவள் மடிக்கணினியில் ஏற்றினாள். சில இடத்தில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து இருந்தது. 2015 டிசம்பர் 2ஆம் தேதிக் கட்டத்தில், "கையால் மொண்டேன்." முந்தின நாள் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். உறை எதுவுமே தெரியாமல் கிணறு விளிம்பு வரை நின்றது. அதற்கு நாலு வருஷம் தள்ளி, 2019 ஜூன் மாதத்துக் கட்டங்களில் வரிசையாக ஒரே வார்த்தை. "சேறு." "சேறு." "சேறு."

அந்த ஜூனில் முப்பது உறையும் தெரிந்தது. அடியில் ஈர மண், அதில் ஒரு தவளை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு, எங்கள் தெருவில் 12,000 லிட்டர் தனியார் லாரிக்கு நாலாயிரத்துக்கு மேல் கொடுத்தோம். அதுவும் பதிவு செய்து பத்து நாள் கழித்து, ராத்திரி இரண்டு மணிக்கு வரும். லாரி பின்னால் வருகிற அந்தச் சத்தம் கேட்டால் ஆறு வீட்டில் விளக்கு எரியும். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வந்ததை டிவியில் காட்டினார்கள். ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். அத்தை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அழுது நான் பார்த்தது இரண்டு முறை. மாமா போனபோது ஒன்று; இது இரண்டாவது.

ஆகஸ்டில் ஒரு மழைக்குப் பிறகு காலண்டரில் 29 என்று எழுதியிருக்கிறது. அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம்.

மிக்ஜாம் புயலின்போது நடந்ததைத் தெருக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். 2023 டிசம்பர் 3 ராத்திரி பிடித்த மழை மறுநாள் முழுக்க விடவில்லை. மடிப்பாக்கத்துத் தண்ணீர் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் இறங்க வேண்டும். அங்கே ஏற்கெனவே நிறைந்து நின்றது, இங்கிருந்து போக வழியில்லை. தெருவில் இடுப்பளவு. திங்கட்கிழமை விடியும் முன்பே கரண்ட் போனது. அடுக்குமாடிகளில் சம்ப்புக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்து, மோட்டார் மூழ்கி, அன்று சாயங்காலத்துக்குள் மாடித் தொட்டியும் காலி. சுற்றிலும் கடலாகத் தண்ணீர், குழாயில் ஒரு சொட்டு இல்லை.

புதன்கிழமை தெருவில் முழங்காலுக்குக் கீழே வடிந்ததும் முதல் ஆளாக வந்தது பக்கத்துக் குடியிருப்பின் முதல் மாடிப் பெண். கையில் இரண்டு பெயின்ட் வாளி. வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிற அப்பா. மூன்று நாளாகத் துணி அலசத் தண்ணீர் இல்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, உங்க கிணத்துல கொஞ்சம்…" என்று சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குக் குரல் உடைந்துவிட்டது. அன்று மட்டும் பதினொரு தடவை வந்து எடுத்துப் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். மத்தியானம் கொல்லையில் வரிசை. அத்தை நாற்காலியைக் கிணற்றடியில் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார்: "இது குடிக்கிற தண்ணி இல்ல கண்ணு. வாயில வெக்கக் கூடாது. பாத்திரம் கழுவினா காய்ச்சிக் கழுவு. மத்ததுக்கு எவ்வளவு வேணாலும் மொண்டுக்கோ."

இரண்டாவது மாடிப் பையன், ஒன்பது வயது இருக்கும், கிணற்றையே முதல் தடவையாகப் பார்க்கிறான். தண்ணீர் இறங்கி ஒரு உறை தெரிய ஆரம்பித்திருந்தது. அவனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். "இது யாரு ஊத்தி வெச்சது ஆன்ட்டி?" என்று கேட்டான். அவன் வீட்டுக் கார் நிற்கிற இடத்தில்தான் ஒரு வெள்ளைப் பைப் இருக்கிறது.

வியாழக்கிழமை ராத்திரி கரண்ட் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு தடவை கிணற்றை இறைத்துக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி இறைத்தோம்.

குடிக்கிற தண்ணீர் இல்லை என்று அத்தை சொன்னாரே, அதுதான் எனக்கு ஆறாத வருத்தம். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது இதைத்தான் குடித்தோம். பருப்பு இதில் வேகும், காபிக்கு இதுதான். பக்கத்து மனையில் அடுக்குமாடி கட்டினவர்கள், எங்கள் மதில் சுவரை ஒட்டி, கிணற்றிலிருந்து எட்டடி தூரத்தில் செப்டிக் டேங்க் கட்டினார்கள். மாமா போய்ப் பேசினார். எழுதிக் கொடுத்தார். இடம் இல்லை என்றார்கள். இரண்டு வருஷத்துக்குள் தண்ணீரில் வாடை. பரிசோதனைக்குக் கொடுத்ததில் கழிவுக் கிருமி இருப்பதாக வந்தது. அன்றோடு கேன் தண்ணீர். அத்தை அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சமையலறையில் இருந்த செப்புத் தவலையைக் கவிழ்த்து வைத்தார். அது இன்னும் நிமிரவில்லை. பாதாளச் சாக்கடைக்காகத் தெருத்தெருவாகத் தோண்டினபோது தூசியில் இருமி, வண்டியில் விழுந்து எழுந்து எல்லோரும் அவதிப்பட்டார்கள். நானும் பட்டேன். ஆனால் செப்டிக் டேங்குகள் மூடினால் கிணறு ஒரு நாள் தெளியும் என்கிற ஆசையில் நான் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

மகள் போட்ட வரைபடத்தில் ஒரு விஷயம் எங்கள் எல்லோருக்கும் புதிது. கிணறு முன்னைப்போல ஊறுவதில்லை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது தப்பு. ஐப்பசி கார்த்திகையில் ஏறுவது அன்று மாதிரியே இன்றும் ஏறுகிறது. நல்ல மழை வருஷத்தில் நாலு உறை வரை வந்துவிடுகிறது. இறங்குவதுதான் வேகமாகிவிட்டது. 1990களில் பொங்கலுக்கு ஐந்து என்றால் சித்திரையில் பதினாறு, பதினேழு. இப்போது அதே ஐந்து, மாசி முடிவதற்குள் பதினேழைத் தொட்டு, சித்திரையில் இருபத்தைந்துக்குப் போய்விடுகிறது. சுற்றிலும் போர்வெல்கள் இழுக்கின்றன. எங்கள் மாடியிலிருந்து இறங்குவது மட்டும்தான் உள்ளே போகிறது. மற்ற மனைகளில் மண்ணே கண்ணுக்குத் தெரியவில்லை, சிமென்ட்டும் பேவர் கல்லும்தான். அதன்மேல் விழுகிற மழை தெருவுக்கு ஓடி, தெருவிலிருந்து வெள்ளமாகிறது. ஒரே தெரு கார்த்திகையில் மூழ்கி சித்திரையில் லாரிக்குக் காத்திருப்பது எப்படி என்று அந்தக் கோட்டில் பச்சையாகத் தெரிந்தது.

போர்வெல்காரர்களுக்கு இது தெரிய வழியில்லை. குழாய்க்குள் கண் போகாது. மோட்டார் காற்றை இழுக்கும் நாள் வரை தண்ணீர் இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். எங்களுக்கு மாசியிலேயே தெரிந்துவிடும். இருபதைத் தாண்டினால் அத்தை வாஷிங் மிஷினை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைக்கச் சொல்வார். இருபத்திரண்டுக்கு வாசல் கழுவுவது நிற்கும், தெளிப்பது மட்டும். ஒரு உறை என்பது 350 லிட்டர்; கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்து செலவு செய்கிற வீடு எங்களுடையது.

இந்தச் சித்திரையில், தண்ணீர் இருபத்தாறுக்கு இறங்கினபோது, தூர் வாரச் சொன்னோம். வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், கூட இரண்டு பையன்கள். மோட்டார் வைத்து இறைத்ததும் பெரியவர் ஒரு அகல் விளக்கை ஏற்றி வாளியில் வைத்து அடிவரை இறக்கினார். அது அணையாமல் எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் பையனை இறங்க விட்டார். இடுப்பில் தனியாக ஒரு கயிறு, அதை மேலே பெரியவர் தன் தோளில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அரை மணிக்கு ஒரு முறை பையனை மேலே ஏற்றி மோர் கொடுத்தோம். கருப்புச் சேறு நாற்பது வாளிக்கு மேல் வந்தது. அத்தை சேற்றைக் கொட்டவிடாமல் ஒரு குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தார். பதினாலு கிரிக்கெட் பந்து, ஏழு ஸ்பூன், ஒரு சீப்பு, என் மகன் மூன்று வயதில் போட்ட பீப்பி, பட்டன் வைத்த பழைய செல்போன், ஒரு வெள்ளிக் கொலுசு. கொலுசு என்னுடையது. கல்யாணமான வருஷம் துணி துவைக்கும்போது விழுந்தது. சொன்னால் திட்டுவார் என்று அப்போது சொல்லவில்லை. மற்றொன்றைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். அத்தை சேற்றிலிருந்து அதை எடுத்து, முந்தானையில் துடைத்து, ஒரு வார்த்தை கேட்காமல் என் கையில் வைத்தார். அவருக்கு அன்றே தெரியுமாம். "கால்ல ஒண்ணு இல்லைன்னா நடையிலயே தெரியாதா?" என்றார்.

அடியில் கரும்பாறை வரை சுத்தமானதும் ஓரத்திலிருந்து ஊற்று வந்தது. சுண்டு விரல் கனம். பையன் கீழேயிருந்து, "வருது ஐயா, வருது!" என்று கத்தினான். மேலே நின்ற ஐந்து பேரும் குனிந்து பார்த்தோம்.

இப்போது பில்டர் விஷயம். வீடு பழசாகிவிட்டது, அதை மறைக்க முடியாது. கூடத்துச் சீலிங்கில் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது. பெங்களூரில் இருக்கிற என் கொழுந்தனார், இடித்து ஜாயின்ட் வென்ச்சரில் கொடுத்துவிடலாம், ஆளுக்கொரு பிளாட் வரும், அம்மாவுக்கு லிஃப்ட் இருக்கும் என்கிறார். அவர் சொல்வதில் தப்பில்லை. அத்தையும் வீட்டை இடிக்க வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான் அதைத்தான் பயந்துகொண்டிருந்தேன். அவர் பிடிவாதம் கிணற்றில் மட்டும்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பில்டரின் இன்ஜினியர் வரைபடம் கொண்டு வந்தார். சின்ன வயது, மரியாதையான பிள்ளை. ஊண் மேசையில் தாளை விரித்தார். ஈசானிய மூலையில் புள்ளிக்கோட்டில் ஒரு வட்டம், அதன்மேல் குறுக்கே இரண்டு கோடு. நான் அதில் விரலை வைத்தேன்.

"அங்க ஒரு தூண் வருது மேடம். கிணத்தை விட்டா ரெண்டு கார் பார்க்கிங் போயிடும்."

"மழைநீர் சேகரிப்புக்கு என்ன பண்ணுவீங்க?"

"அது பிளான் அப்ரூவலுக்குக் கட்டாயம் மேடம், குழி போட்டுடுவோம். வேணும்னா கிணத்தைத் தூர்க்காம, மேல ஸ்லாப் போட்டு மூடி, அதுக்குள்ளயே மழைத் தண்ணியை விட்டுடலாம். மேல வண்டி நிக்கும்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தண்ணீர் உள்ளே போகும், இடமும் மிஞ்சும். எனக்குமே ஒரு நிமிஷம் சரி என்று தோன்றியது. அதுவரை பேசாமல் இருந்த அத்தை கேட்டார்:

"தம்பி, மூடி போட்டுட்டா எத்தனை உறை தெரியுதுன்னு எப்படிப் பார்க்கிறது?"

அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை. என் மகள் போய் மடிக்கணினியைக் கொண்டு வந்து அந்தக் கோட்டைக் காட்டினாள். முப்பத்து மூன்று வருஷம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது காபி குடித்தார். "இந்த மாதிரி எங்ககிட்ட எந்த சைட்டுக்கும் இல்ல மேடம்" என்றார். தூணை நாலடி நகர்த்த முடியுமா என்று கேட்டுச் சொல்வதாக வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். ஒரு பார்க்கிங் போகும், அதற்குப் பணம் எங்கள் பங்கில் குறையும் என்பது அவர் சொல்லாமலே தெரிகிறது. கொழுந்தனாரிடம் போனில் நான்தான் பேசினேன். ஒரு பார்க்கிங் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அண்ணி, அம்மா என்ன சொல்றாங்க?" என்றார். "கிணத்தடியில உட்கார இடம் விட்டா போதும்னு சொல்றாங்க" என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

அது வருகிறபடி வரட்டும் என்று நான் கையைக் கட்டி உட்காரவில்லை. தெருவில் மீதி இருக்கிற அந்த மூன்று கிணற்று வீட்டுக்கும் போனேன். வலையை எடுத்து, ஒரு தடவை எண்ணிப் பாருங்கள், எண்ணிக் காலண்டரில் எழுதுங்கள், அது போதும் என்று கேட்டேன். மாடிக் குழாயைக் கிணற்றுக்குத் திருப்புவதற்கு என்ன செலவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பைப், பெண்டு, ஜல்லி, மணல், இரண்டு நாள் ஆள் கூலி. இரண்டு வீட்டில் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவது வீட்டம்மாவுக்கு என் வயதுதான், தனியாக இருக்கிறார், பிள்ளை வெளிநாட்டில். கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

நேற்றுக் காலை பால் பொங்கிக்கொண்டிருந்தது. அத்தை கொல்லையிலிருந்து "பதினேழு" என்றார். காலண்டரில் எழுதிக்கொண்டிருக்கும்போது போனில் வாட்ஸ்அப் சத்தம். அந்த வீட்டம்மா. துருப்பிடித்த வலை சுவரில் சாய்ந்து நிற்க, கிணற்றுக்குள் டார்ச் அடித்து எடுத்த ஒரு படம். அதற்குக் கீழே:

"எங்க வீட்டுல பத்தொம்பது. உங்க வீட்டுல?"